எனக்குக் காது கேட்காமல் போன ஒன்பது நாட்கள்

அன்று கடையில் இருந்தவர்கள் சரியாக ஐந்து பேர். முதலாளி அண்ணாச்சி, உள்ளறையில் கணக்கு எழுதும் மலையாளி பிந்து சேச்சி, மூட்டை இறக்கும் முருகேசன், பூண்டு வாங்க வந்திருந்த ஓட்டல்காரர் ஒருவர், அப்புறம் நான். இவ்வளவு கறாராகச் சொல்லக் காரணம் உண்டு. இன்றைக்கு எங்கள் ஆரியசாலைக் கடைத்தெருவில் யாரைக் கேட்டாலும், "நானும் அன்னைக்கு அங்கதான் நின்னேன்" என்கிறார்கள். டீக்கடைக்காரர் சொல்கிறார். எதிர்க்கடை அரிசி வியாபாரி சொல்கிறார். அந்த வாரம் ஊரிலேயே இல்லாத என் மனைவியின் அண்ணன், அதாவது மச்சான், கண்ணால் பார்த்த மாதிரி நடித்தே காட்டுகிறார்.

நான் பயந்த சுபாவம். கேஸை மூடினேனா என்ற சந்தேகத்தில், கிழக்கேகோட்டையில் பஸ் ஏறிய பிறகும் இறங்கி வீட்டுக்கு ஓடியிருக்கிறேன். (மூடித்தான் இருந்தது. நான்கு தடவையும்.) படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. ஆனால் இந்த மிளகாய் வத்தல், பூண்டு மொத்த வியாபாரக் கடையில் சேர வந்த அன்று, "கம்ப்யூட்டர் தெரியுமாலே?" என்று அண்ணாச்சி கேட்டதற்கு, "தெரியும் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டேன். அன்று எனக்குத் தெரிந்தது, கம்ப்யூட்டர் பார்க்க எப்படி இருக்கும் என்பது மட்டும். பில் போடப் பிந்து சேச்சிதான் ரகசியமாகச் சொல்லிக்கொடுத்தார்.

நெடுமங்காடு, காட்டாக்கடைப் பக்கத்துக் கடைக்காரர்கள் ஆர்டரை எழுதி அனுப்ப மாட்டார்கள். வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புவார்கள். அதைக் கம்ப்யூட்டரில் போட்டுக் கேட்டு, பில் போடுவது என் வேலை.

அந்த வருஷம் சரஸ்வதி பூஜைக்குத் தராசு, கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் பூஜையில் வைத்தோம். பொட்டு வைக்கும் பொறுப்பு எனக்கு. பொட்டு விட்டுப்போன சாமான் கோபித்துக்கொண்டு கெட்டுவிடுமோ என்ற பயத்தில், மவுஸைக்கூட விடாமல் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். பூஜை முடிந்து கடை திறந்த அன்று வந்த முதல் ஆர்டர், நெடுமங்காட்டிலிருந்து போன் இல்லாமல் நேராகக் கூவியது போல அவ்வளவு மெலிதாகக் கேட்டது.

திரையில் சத்தத்தை நூறுக்கு ஏற்றினேன். நூறு என்று காட்டியதே தவிர, சத்தம் ஏறவில்லை. அணைத்துப் போட்டேன். பின்னால் இருந்த ஒயரைப் பிடுங்கிச் செருகினேன். எனக்குத் தெரிந்த வைத்தியம் அத்தோடு தீர்ந்தது. வேறு யாராக இருந்தாலும் கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது என்று முடிவு செய்திருப்பார்கள். நான், என் காது போய்விட்டது என்று முடிவு செய்தேன்.

மனிதர்கள் பேசுவது நன்றாகத்தானே கேட்டது என்பீர்கள். எனக்கும் அந்தச் சந்தேகம் வந்தது. மொபைலில் தேடிப் பார்த்தேன். காது ஒரேயடியாகப் போகாது, சில வகைச் சத்தங்கள்தான் முதலில் போகும் என்று போட்டிருந்தது. சரிதான். எனக்குக் கம்ப்யூட்டர் சத்தம் போய்விட்டது. அடுத்து மனைவியின் சத்தம் போகும் (இந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் ஆறுதல்). அதற்கடுத்து வேலை போகும். ஆர்டர் காதில் விழாதவனுக்கு அண்ணாச்சி எதற்குச் சம்பளம் கொடுக்க வேண்டும்? வலியசாலையில் வாடகை வீடு, படிக்கிற இரண்டு பிள்ளைகள். நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. காதை ஸ்பீக்கரோடு ஒட்டவைத்து ஒரு வாரம் ஓட்டினேன்.

ஏழாம் நாள், காது பரிசோதிக்கும் ஓர் இடத்துக்குப் போனேன். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தார் அங்கிருந்த மலையாளிப் பெண்.

"சத்தம் கேட்டா உடனே அமுக்கணும், கேட்டோ."

கீச்சென்று மெலிதாக ஒன்று கேட்டது. கேட்டதா, கேட்டதாக நினைத்தேனா? இல்லாததைக் கேட்டதாகச் சொன்னால் ரிசல்ட் தப்பாகிவிடுமே! தீர்மானமாகத் தெரியட்டும் என்று காத்திருந்தேன். ஒவ்வொரு சத்தத்துக்கும் இப்படி நியாயம் பார்த்து, சந்தேகமே இல்லாமல் காதைத் துளைத்தபோதுதான் அமுக்கினேன்.

"சேட்டா, கொஞ்சம் குறைவு உண்டு. இப்போ காது மெஷின் ஒண்ணும் வேண்டா. ஆறு மாசம் கழிச்சு ஒருக்கா வந்து பாருங்க."

ஆறு மாதமா! அதற்குள் நான் தெருவில் நிற்பேனே. கெஞ்சிக் கூத்தாடி மெஷினுக்குச் சொல்லிவிட்டேன். விலை பதினைந்தாயிரம். என் காதுக்கென்றே அச்செடுத்துச் செய்வதால் திருப்பி எடுக்க மாட்டோம் என்று அந்தப் பெண் இரண்டு தடவை சொன்னார். வெளியூரில் இருந்த மச்சானிடம் போனிலேயே கேட்டுப் பணத்தை வாங்கினேன். எதற்கு என்று கேட்டவரிடம், "அவசரம் மச்சான்" என்று மட்டும் சொன்னேன்.

ஒன்பதாம் நாள் காலை, மெஷினை வலது காதில் மாட்டி, முடியை இழுத்து மூடிக்கொண்டு கடைக்குப் போனேன். முருகேசன் மூட்டையைப் போட்டது மண்டைக்குள் விழுந்தது. அண்ணாச்சி காப்பி உறிஞ்சியது கடல் போலக் கேட்டது. சந்தோஷத்தில் ஓடிப்போய்க் கம்ப்யூட்டரைப் போட்டேன். உலகத்தில் எல்லாமே கத்தியது, அது மட்டும் முனகியது. மெஷின் போட்டும் கேட்கவில்லையே, அவ்வளவுக்கு முற்றிவிட்டதே என்று கண்ணீர் முட்டியது. மெஷின் காதை அப்படியே ஸ்பீக்கரில் பதித்தேன்.

உள்ளறையிலிருந்து வந்த பிந்து சேச்சி நின்று பார்த்தார்.

"எந்தா செல்வா, ஸ்பீக்கரோட என்ன ரகசியம்?"

"ஆர்டர் சேச்சி."

"ஆர்டர் எடுக்க அதுக்கு உம்மா கொடுக்கணுமோ?" என்று குனிந்தவர், "அய்யே, இது என்ன இங்க?" என்றார்.

வலது ஸ்பீக்கரின் முகப்பில் வட்டமாக ஒரு குமிழ். நெற்றி போல எடுப்பாக இருந்ததால் அதற்குத்தான் பெரிய பொட்டாக வைத்திருந்தேன். கட்டைவிரலால் அழுத்தி, நன்றாகத் திருகி.

"சத்தம் கூட்டுற குமிழல்லே இது! திருகித் திருகி மொத்தம் குறைச்சு வச்சிருக்கே!" என்றபடி, காய்ந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டிவிட்டு, ஒரே திருகாகக் கடைசி வரை திருப்பினார்.

திரையில் நூறு. குமிழ் முழுசு. நடுவில் என் காது.

"அண்ணாச்சீ! போன லோடு பூண்டு பூராவும் அழுகல்! மனுஷன் திம்பானா இத?"

நெடுமங்காட்டுக்காரரின் குரல் தெருமுனை வரை போனது. ஓட்டல்காரர் கையிலிருந்த பூண்டைத் தேள் போல உதறினார். நான் துள்ளிய துள்ளலில் நாற்காலி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். வாய் திறந்திருந்த வத்தல் மூட்டையில் தலைகுப்புற விழுந்தேன். மெஷின் காதிலிருந்து கழன்று வத்தலுக்குள் போய், 'கீ...' என்று விடாமல் கத்த ஆரம்பித்தது.

"அண்ணாச்சி, மூட்டைக்குள்ள எலிக்குஞ்சு!" என்று முருகேசன் தடியை எடுத்தான்.

"அடிக்காதடா! பதினைந்தாயிரம்!" என்று அலறினேன்.

வத்தல் நெடி கடை முழுக்கக் கிளம்பியது. ஐந்து பேரும் தும்மிக்கொண்டிருந்தோம். அண்ணாச்சிதான் முதலில் தேறி, மெஷினை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"என்னலே இது?"

"காது மெஷின் அண்ணாச்சி. எனக்குத்தான்."

"உனக்கா? சம்பளம்னு நான் மனசுக்குள்ள நினைச்சாலே திரும்பிப் பாப்பியேலே நீ!"

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கண்ணிலிருந்து தாரையாக ஊற்றியது. (வத்தல் பாதி, பயம் பாதி.)

"என்னைய நிறுத்திராதீங்க அண்ணாச்சி."

"நிறுத்தத்தாம்லே வேணும். காது கேக்காததுக்கு இல்ல. கேக்குற காதுக்கு மெஷின் வாங்குனவன நம்பி நான் எப்படிலே கல்லாவ விட்டுட்டுப் போவேன்?" என்றவர், அடுத்த தும்மலில் சிரித்துவிட்டார். சேச்சி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஓட்டல்காரர் மட்டும் சிரிக்கவில்லை. ஒவ்வொரு பூண்டாக நசுக்கிப் பார்த்து, வழக்கத்தில் பாதி வாங்கிக்கொண்டு போனார்.

வேலை போகவில்லை. இன்றும் அதே நாற்காலி, அதே ஸ்பீக்கர். வீட்டில்தான் நிம்மதி போனது. கூப்பிட்டு நான் திரும்பாவிட்டால், என் மகள் என் காதருகே விரலைக் கொண்டுவந்து, குமிழைத் திருகுவது போலக் காற்றில் திருகுகிறாள். மனைவி கற்றுக்கொண்டாள். மச்சானும் கற்றுக்கொண்டார். மாதம் பிறந்ததும் வந்து, "அந்தப் பாக்கி?" என்பார். "கேக்கல மச்சான்" என்பேன். அவர் நிதானமாக என் காதருகே கையை நீட்டி, கடைசி வரை திருகிவிட்டு, வலியசாலை முழுக்கக் கேட்கும்படி சொல்வார்:

"ஆறாயிரத்து ஐந்நூறு!"