வக்கீலாக டாக்டர், சமையல்காரராக அண்ணன்

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. வீட்டில் நான், உன் அண்ணி, பிள்ளைகள் எல்லோரும் சுகம். நாடகத்துக்குத்தான் சுகமில்லை. உன் உடம்பும் தொண்டையும் அங்கே நன்றாக இருக்கும் என்று நம்புகிறேன். ஏழு தடவை போன் செய்தேன், ஏழு தடவையும் நீ எடுக்கவில்லை. கடிதம் என்றால் யாராவது கையில் வாங்கித்தானே ஆகவேண்டும், அதனால் எழுதுகிறேன்.

முதலில் பழைய சண்டையை முடித்துவிடுவோம். போஸ்டரில் உன் பெயரைப் பெரிதாகப் போடச் சொல்லிக் கேட்டாய். மேக்கப் அறையில் அத்தனை பேரும் இருக்கும்போது நான், "உன் பேரைப் பாத்து வர்றவங்க இருபது பேருடா, மத்தவங்க மழைக்கு ஒதுங்க வர்றாங்க" என்றேன். டிக்கெட் கவுண்ட்டரில் இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்திருப்பவன், கண்ணால் பார்த்ததைச் சொன்னேன். அதில் என்ன தப்பு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அதற்காக நீ ஒரு பக்க மீசையை மட்டும் ஒட்டிக்கொண்டு தெருவில் இறங்கிப் போனது கொஞ்சம் அதிகம். அந்த மீசை கம்பெனி மீசை. அதை நான் திருப்பிக் கேட்கவில்லை, பார்த்துக்கொள்.

நீ போன மறுநாளே டைரக்டர் ஒரு சீரியல்காரரை உன் வக்கீல் வேஷத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். முதல் இரண்டு நாள் நல்ல கூட்டம், அவரோடு போட்டோ எடுத்துக்கொள்ள. போட்டோ எடுத்தவர்கள் மறுபடி வரவில்லை. மனிதர் நல்லவர், ஆனால் சீரியல் பழக்கம் போகவில்லை. யாராவது அதிர்ச்சியாக ஒன்று சொன்னால் உடனே பதில் சொல்ல மாட்டார், இடப்பக்கம் ஒரு பார்வை, வலப்பக்கம் ஒரு பார்வை, நேரே ஒரு பார்வை, அப்புறம்தான் வாயைத் திறப்பார். நம்முடையது கொலை நாடகம், நிமிஷத்துக்கு ஓர் அதிர்ச்சி. இரண்டு மணி நேர நாடகம் மூன்றே கால் மணி நேரம் ஓடியது. பஸ் போய்விடுமே என்று ஜனங்கள் பாதியிலேயே எழுந்து போக ஆரம்பித்தார்கள். போகிற போக்கில் கவுண்ட்டருக்குள் தலையை நீட்டி, "யார் சார் கொன்னது?" என்று என்னைக் கேட்டார்கள். டாக்டர்தான் என்று நானும் சொல்லி அனுப்பினேன், காசு கொடுத்து டிக்கெட் வாங்கியவர்கள் ஆயிற்றே. மூன்றாம் வாரம் அவரும் சீரியலுக்கே திரும்பிப் போய்விட்டார்.

அன்றைக்குத்தான் ஹால் முதலாளி வந்தார். நானூற்றிருபது நாற்காலியில் எத்தனை நிரம்பியது என்று கேட்டார். எழுபத்தொன்று என்றேன், அதில் ஒன்று அவர் உட்கார்ந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை பாதி ஹாலாவது நிரம்பவில்லை என்றால் திங்களிலிருந்து ஹாலை மேஜிக்காரருக்கு விட்டுவிடுவேன் என்று சொல்லிவிட்டார். கம்பெனியில் பதினாலு பேர் இருக்கிறோம் தம்பி. அதில் யாருக்கும் வேறு தொழில் தெரியாது, எனக்கு டிக்கெட் கிழித்துக் கொடுப்பது ஒன்றுதான் தெரியும்.

டைரக்டர் ராத்திரி முழுக்க யோசித்து ஒரு திட்டத்தோடு வந்தார். வெளியாள் வேண்டாம், நம் ஆட்களே எல்லோரும் ஒரு படி மேலே ஏறுங்கள் என்றார். டாக்டராக நடித்தவர் வக்கீல். இன்ஸ்பெக்டராக நடித்தவர் டாக்டர். சமையல்காரனாக நடித்தவர் இன்ஸ்பெக்டர். எல்லோரும் நகர்ந்து உட்கார்ந்தபின் பெஞ்சின் கடைசியில் ஓர் ஆள் இடம் காலி. சமையல்காரனுக்கு யார் என்று சுற்றிப் பார்த்தார்கள். நான் கணக்குப் புத்தகத்தோடு வாசலில் நின்றுகொண்டிருந்தேன், அது என் போதாத காலம். காபித் தட்டோடு வந்து, "ஐயா, காபி" என்று சொல்லவேண்டும், அவ்வளவுதான் என்றார்கள்.

எனக்கு ஒரு சங்கடம் இருந்தது, வெட்கப்பட்டுக்கொண்டு யாரிடமும் சொல்லவில்லை. இடைவேளை வரைக்கும் கவுண்ட்டரைத் திறந்து வைப்பவன் நான். ஆக இந்த நாடகத்தின் பின்பாதியை மட்டும்தான் எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை தட்டை ஏந்திக்கொண்டு மேடைக்குள் போகிறேன், நாற்காலியில், கதையில் கொலையாகவேண்டிய முதலாளி உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார்! அந்த மனிதரை மாலை போட்ட படமாகவே நூற்று நாற்பது தடவை பார்த்தவன் நான். உயிரோடு பார்த்ததும் பதறிப்போய் தட்டைக் கீழே போட்டுவிட்டேன். ஜனங்கள் எல்லோரும் கொலைகாரன் நான்தான் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

அதுவாவது தேவலை. கடைசிக் காட்சியைக் கேள். இன்ஸ்பெக்டர், "கொன்னது யாரு?" என்று கேட்கவேண்டும், வக்கீல் டாக்டரைக் கைகாட்டவேண்டும். நம் புது வக்கீல் நூற்று நாற்பது தடவை டாக்டராக மாட்டிக்கொண்டவர் இல்லையா? கேள்வி காதில் விழுந்ததும் அவர் பாட்டுக்கு முட்டி போட்டு, "நான்தான், என்னை மன்னிச்சிடுங்க" என்று அழுதுவிட்டார். அதைப் பார்த்த புது டாக்டர், பழைய இன்ஸ்பெக்டர் அல்லவா, கை தானாகப் போய் வக்கீலுக்கு விலங்கு மாட்டிவிட்டது. விலங்கைப் பறிகொடுத்த புது இன்ஸ்பெக்டர் என்ன செய்வார்? மேஜையில் இருந்த காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டார். திரை விழுந்தபோது செத்துப்போன முதலாளி ஓரத்தில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டிருந்தார். நேற்று சனிக்கிழமை, பகல் முழுக்க ஒத்திகை பார்த்தோம். ராத்திரி மறுபடி அதே முட்டி, அதே விலங்கு, அதே டம்ளர்.

இது போதாதென்று உன் அண்ணி. நான் மேடையில் இருப்பதால் அவள்தான் கவுண்ட்டரில் உட்காருகிறாள். நடிகர் மாறினால் வாசல் போர்டில் எழுதி வைக்கவேண்டும், பிடிக்காதவர்கள் முதல் மணி அடிப்பதற்குள் டிக்கெட்டைத் திருப்பித் தரலாம் என்பது நம் ஹால் வழக்கம், உனக்கே தெரியும். போர்டை எழுதினோமா விட்டோமா என்று இல்லாமல் இவள் ஒவ்வொருவரிடமும், "வக்கீலா டாக்டர், டாக்டரா இன்ஸ்பெக்டர், இன்ஸ்பெக்டரா சமையல்காரர், சமையல்காரரா என் வீட்டுக்காரர். இவருக்கு வீட்டுல ஒரு டம்ளர் தண்ணி கொண்டுவரத் தெரியாது. நல்லா யோசிச்சு வாங்குங்க" என்று சொல்லித்தான் டிக்கெட் கிழிக்கிறாள். இப்படி வியாபாரம் செய்தால் உருப்படுமா? நேற்றுக் கணக்கைக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஆகையால் தம்பி, வீம்பை விடு. இன்றைக்கு ஞாயிறு. காலை பஸ் கண்டக்டரிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன், மத்தியானம் உன் கைக்கு வந்துவிடும். சாயங்காலம் முதல் மணிக்கு முன்னால் வந்து மேக்கப் போட்டுக்கொள். போஸ்டரில் உன் பெயரை ஹால் அகலத்துக்கு எழுதுகிறேன். நீ வராவிட்டால் நம் கம்பெனியை யாராலும் காப்பாற்ற முடியாது.

அண்ணி விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள். பிள்ளைகள் சித்தப்பாவைக் கேட்டபடி இருக்கிறார்கள். நீ நீண்ட நாள் நன்றாக இருந்து, நல்ல நல்ல கொலைகளைக் கண்டுபிடிக்க என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பின்குறிப்பு: இது திங்கட்கிழமை காலை. அவசரத்தில் கடிதத்தைச் சமையல்காரன் வேஷச் சட்டைப்பையிலேயே வைத்துவிட்டேன். மேலே எழுதிய எதையும் செய்யாதே. நேற்று ஹவுஸ்ஃபுல். ஹவுஸ்ஃபுல் போர்டை எடுக்கப் போனால் அதை மேஜையில் போட்டு யாரோ துணி தேய்த்துக்கொண்டிருந்தார்கள், அதற்கு வேலை வந்து அவ்வளவு நாளாயிற்று. அண்ணி எச்சரித்து அனுப்பியவர்களே அக்கம்பக்கத்தையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்களாம். வக்கீல் முட்டி போட்டதும் ஹாலே எழுந்து கைதட்டியது. ஹால் முதலாளி இன்னும் மூன்று மாசத்துக்கு ஹாலைக் கொடுத்துவிட்டார், இனிமேல் யாரும் ஒத்திகை பார்க்கக்கூடாது என்று டைரக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நீ வந்து சரியாக நடித்துவைத்தால் எல்லாம் போய்விடும். ஆக உன் வேஷம் காலி இல்லை.

நேற்று பின்பாதியில் நான் மேடைப் படியில் வழுக்கி விழுந்தேன். நானூற்றிருபது பேரும் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து எண்ணெய் தேய்க்கும்போதுதான் அண்ணி சொன்னாள், "எல்லாரும் சிரிக்கலைங்க. கடைசி வரிசையில தொப்பி போட்டுக்கிட்டு ஒருத்தர் இருந்தார். நீங்க விழுந்ததும் எழுந்து பாதி வழி ஓடி வந்துட்டார். நீங்க எழுந்து நின்னப்புறம்தான் திரும்பிப் போனார். நம்ம தம்பிதான். சனிக்கிழமையும் வந்திருந்தாரு. நீங்க ஏதாவது சொல்லி மறுபடி கெடுத்துடுவீங்கன்னுதான் சொல்லலை."

அன்றைக்கு அத்தனை பேர் நடுவில் நான் அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது. தப்பு என்னுடையதுதான்டா. நடிக்க வரவேண்டாம், வீட்டுக்கு வா. முழங்கால் இன்னும் வீங்கித்தான் இருக்கிறது.