பத்து விரல் மையும் ஒரு குடையும்

சில பேருக்கு ஆர்வம் வரும்போது அறிவு வெளியூர் கிளம்பிவிடும். நான் அந்தச் சில பேரில் ஒருத்தி. இதை ஒத்துக்கொள்வதில் எனக்குக் கூச்சமே கிடையாது. நான் சொல்லாவிட்டாலும் எங்கள் அண்ணன் பாலு சொல்லிவிடுவான். கல்யாண வீடு, காதுகுத்து வீடு, ஏன், சாவு விழுந்த துட்டி வீட்டில்கூட நாலு பேர் கூடினால் போதும், இந்தக் கதையை எடுத்துவிடுவான். அவன் சொல்வதில் பாதி பொய். மீதிப் பாதி இதோ.

ஓட்டுப் போடும் வயதை இருபத்தொன்றிலிருந்து பதினெட்டாகக் குறைத்த வருடம் அது. ராஜபாளையத்திலேயே அந்தச் செய்தியைக் கேட்டு அதிகமாகத் துள்ளியவள் நானாகத்தான் இருக்க வேண்டும். எனக்கு வயது பத்தொன்பது. பாலுவுக்கு இருபது. "எனக்கு அடுத்த வருசம் ஓட்டு வந்துரும்" என்று சொல்லிச் சொல்லி மீசையைத் தடவிக்கொண்டிருந்தவன் அவன். (மீசை அப்போது தடவுகிற அளவுக்கு இல்லை.) இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் ஓட்டு வந்ததை அவனால் ஜீரணிக்கவே முடியவில்லை. நான் இத்தனை காலம் காத்துக் கிடந்தேனே, இவள் சும்மா உட்கார்ந்து வாங்கிவிட்டாளே என்று அம்மாவிடம் போய் வழக்கு வைத்தான்.

எனக்கு ஓட்டு என்றால் ஏன் அத்தனை ஆசை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் அப்பா மில்லில் மேஸ்திரி. வீட்டிலும் மேஸ்திரிதான். தேர்தலன்று வாக்குச்சாவடிக்கு நடக்கிற வழியில் அப்பா ஒரு சின்னத்தைச் சொல்வார், அம்மா அதில் குத்திவிட்டு வந்து உலை வைப்பாள். நான் அப்படிப் போடப் போவதில்லை என்று முடிவு கட்டியிருந்தேன். வேட்பாளர்களின் நோட்டீஸ்களையெல்லாம் சேர்த்து வைத்துப் படித்து, யாருக்கு என் ஓட்டு என்று நானே ஒருவரைத் தேர்ந்தெடுத்தும் வைத்திருந்தேன். (யார் என்று சொல்ல மாட்டேன். ரகசிய வாக்கெடுப்பு.) அது என் ஓட்டு, என் இஷ்டம். வாழ்க்கையில் வேறு எதிலும் அப்போது என் இஷ்டம் என்று ஒன்று இல்லை.

நகராட்சியிலிருந்து புது வாக்காளர்களைச் சேர்க்க பில் கலெக்டர் தங்கச்சாமி சார் எங்கள் தெருவுக்கு வந்தார். வீட்டு வரிக்கு வந்தால் கதவைச் சாத்துகிற தெரு, அன்றைக்கு அவருக்கு நாற்காலி போட்டது. நான் வீடு வீடாக அவர் பின்னாலேயே போனேன். பெண் இருக்கிற வீடுகளில்தான் சிக்கல். மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும்போது வயதை வெளியே சொல்ல எந்த அம்மாவுக்கு மனசு வரும்? ஒரு அம்மா தன் பெண்ணுக்குப் பதினேழுதான் ஆகிறது என்று சாதித்தார். அவள் என் பள்ளிக்கூடத்தில் படித்தவள், எனக்கு ஒரு வகுப்பு மேலே. நான் வாயைத் திறந்தேன். அந்த வீட்டில் அதற்குப் பிறகு எனக்குத் தண்ணீர்கூடக் கிடைத்ததில்லை. ஆனால் அவள் பெயர் பட்டியலில் ஏறிவிட்டது.

என் ஆர்வத்தைப் பார்த்த தங்கச்சாமி சார், தேர்தலுக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு யோசனை சொன்னார். புதுசாக ஓட்டுப் போடுகிறவர்களுக்கு எப்படிக் குத்துவது, எப்படி மடிப்பது என்று ஒன்றும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை சத்துணவுக் கூடத்தில் ஒரு ஒத்திகை வைத்தால் என்ன? நிஜச் சின்னம் எதுவும் இருக்கக் கூடாது, அது ஒன்றுதான் நிபந்தனை.

எனக்கு இரண்டு நாள் தூக்கமே இல்லை. நானே வாக்குச்சீட்டு எழுதினேன். முதலில் இட்லி, இரண்டாவது பரோட்டா, மூன்றாவது பால்கோவா, நான்காவது சேவு. வெண்டைக்காய்க் காம்பை வெட்டி முத்திரை செய்தேன். பிஸ்கட் டின்னில் ஓட்டை போட்டு வாக்குப்பெட்டி செய்தேன். எல்லாம் இருந்தது, விரலில் வைக்க மை மட்டும் இல்லை. தண்ணீரைத் தொட்டு வைத்தால் போதும் என்றார் தங்கச்சாமி சார். எனக்குப் போதாது. தத்ரூபமாக இருக்க வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் மாமா பள்ளிக்கூட வாத்தியார். தேர்தல் வேலைக்குப் போய்ப் பழுத்தவர். எந்தத் தேர்தலிலோ மிஞ்சிய ஒரு சின்ன மை பாட்டில் அவர் டிரங்குப் பெட்டியின் மூலையில் மறந்து கிடந்தது எனக்குத் தெரியும். டவுன் பஸ் ஏறிப் போய், அத்தை போட்ட சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு, பாட்டிலை மடியில் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன். மாமாவிடம் கேட்கவில்லை.

ஒத்திகைக்கு வந்த கூட்டத்தைப் பார்த்துத் தங்கச்சாமி சாரே அசந்துபோனார். மில்லில் ஷிஃப்ட் முடிந்தவர்கள் தலையில் பஞ்சோடு வந்தார்கள். பேண்டேஜ் கம்பெனிப் பெண்கள் கும்பலாக வந்தார்கள். ராஜபாளையத்தில் வைத்து ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவை எப்படி நிறுத்தலாம் என்று ஒருத்தர் சண்டைக்கு வர, பரோட்டாவுக்கு அங்கேயே ஒரு கோஷ்டி சேர்ந்தது. ஒவ்வொரு கூட்டத்துக்கும் நான்தான் மாதிரி வாக்காளர். விரலை நீட்டுவேன், தங்கச்சாமி சார் மை வைப்பார். மறைவுக்குள் போய்க் குத்துவேன். வெளியே வந்து, சீட்டை முதலில் நெடுக்கே மடிக்க வேண்டும், பிறகுதான் குறுக்கே, இல்லாவிட்டால் மை வேறு சின்னத்தில் ஒட்டி ஓட்டு செல்லாமல் போகும் என்று பிரசங்கம் செய்வேன். என் ஓட்டு எப்போதும் மூன்றாவது பால்கோவாவுக்குத்தான். மை வைத்த விரலோடு மறுபடி ஓட்டுப் போட்டால் கள்ள ஓட்டு ஆகிவிடும் என்று நானே ஒரு சட்டம் போட்டு, கூட்டத்துக்கு ஒரு விரலாக நீட்டினேன். இடது கை தீர்ந்து வலது கைக்கு வந்தேன். சாயங்காலம் பத்து விரலும் தீர்ந்தபோது கைதட்டினார்கள். எனக்கு நானே தேர்தல் ஆணையம் மாதிரி இருந்தது.

அந்த மையின் குணம் எனக்குத் தெரியாது. வைக்கும்போது லேசான ஊதாவாக, கழுவினால் போய்விடும் போலத்தான் இருக்கும். வெளிச்சம் படப்பட, அதன் சுயரூபம் தெரியும். வீட்டுக்குப் போய்ச் சேருமுன் பத்து விரலும் கத்தரிக்காய் மாதிரி கறுத்துவிட்டன. அம்மா எலுமிச்சம்பழம் தேய்த்தாள். புளி, மண்ணெண்ணெய், செங்கல்பொடி எல்லாம் ஆயிற்று. பாட்டிலைக் காணோம் என்று தேடி வந்த மாமா என் கையைத் திருப்பிப் பார்த்தார்.

"இது தோலு உரிஞ்சு, நகம் வளந்து வெட்டுனாத்தான் போகும். மாசக் கணக்காகும்" என்றார்.

"அடுத்த வாரம் ஓட்டு மாமா."

"ஒனக்குத்தான் முடிஞ்சிருச்சே. பத்து" என்றான் பாலு.

நான் அழுதேன். விளையாட்டில்லை, விக்கி விக்கி அழுதேன். பக்கத்து வீட்டு மேரி அக்காவுக்குத்தான் மனசு கேட்கவில்லை. பேண்டேஜ் துணியை வெளுக்கிற கம்பெனியில் அவருக்கு வேலை. பழுப்புத் துணியே பால் மாதிரி வெளுத்துவிடும், உன் விரல் எம்மாத்திரம் என்று பிளீச்சிங் தண்ணீர் கொண்டுவந்தார். கையை முக்கினேன். எரிச்சலில் முற்றத்தைச் சுற்றி ஓடினேன். கை நன்றாக வெளுத்தது. வெளுத்த கையில் மை முன்னைவிட எடுப்பாகத் தெரிந்தது.

கடைசியில் மேரி அக்காவே இன்னொரு வழி சொன்னார். ஊருக்கெல்லாம் கட்டுப் போடுகிற துணி நம் ஊரில் நெய்வதுதானே, உனக்குப் பத்து விரலுக்குக் கிடைக்காதா? தேர்தலன்று காலையில் பத்து விரலுக்கும் பேண்டேஜ் சுற்றிவிட்டார். மழைக்காலம், தூறிக்கொண்டிருந்தது. வரிசையில் நின்றவர்கள் என் கையைப் பார்த்துப் பதறினார்கள். கொதிக்கிற எண்ணெய் கொட்டிவிட்டது என்று சொன்னேன். ஐயோ பாவம், புள்ள இந்த நிலைமையிலயும் ஓட்டுப் போட வந்திருக்கே என்று என்னை முன்னால் அனுப்பினார்கள். எனக்கு ஒரே பெருமை, ஒரே பயம்.

உள்ளே பெயரைப் படித்தார்கள். சீட்டைச் சரிபார்த்தார்கள். மை வைக்கிறவர், கட்டை அவிழ்க்கச் சொன்னார். புண் என்றேன். ஒரு விரல் போதும், மெதுவாக அவிழ்த்துக் காட்டும்மா என்றார். அவிழ்த்தேன். கறுப்பு. இன்னொன்றை அவிழ்க்கச் சொன்னார். அதுவும் கறுப்பு. விடிந்ததிலிருந்து ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டிருந்த கட்சி ஏஜெண்டுகள் எல்லாரும் முதல்முறையாக ஒற்றுமையாக எழுந்து நின்றார்கள். தலைமை அலுவலர் வந்தார், கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு என் பத்து விரலையும் பார்த்தார்.

"பத்து எடத்துல போட்டியாம்மா?" என்றார்.

"ஒரு எடத்துலகூடப் போடல சார். பால்கோவாவுக்குத்தான் போட்டேன்" என்றேன்.

அதற்குப் பிறகு நடந்ததை விளக்க வெகுநேரம் ஆனது. என் பெயருக்கு நேரே இன்னும் கோடு போடவில்லையே, அதைப் பாருங்கள் என்று கெஞ்சினேன். சாட்சி யார் என்று கேட்டார். வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்த பாலு, நான் அழ ஆரம்பித்ததும் சிரிப்பை நிறுத்தினான். மழையில் நனைந்தபடி சைக்கிளை மிதித்துப் போய், தங்கச்சாமி சாரைப் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிவந்தான். அவர் எல்லார் முன்னாலும் கைகட்டி நின்று, இந்தப் பிள்ளை போட்ட அத்தனை ஓட்டும் பிஸ்கட் டின்னில்தான் இருக்கிறது என்று சாட்சி சொன்னார். வரிசையில் நின்றவர்கள் ஜன்னல் வழியே சிரித்தார்கள். எண்ணெய் கொட்டியது பொய் என்றும் அதிலேயே தெரிந்துபோயிற்று.

தலைமை அலுவலர் சின்னப் புத்தகத்தைப் புரட்டினார். இடது ஆள்காட்டி விரல் இல்லாதவருக்கு எங்கே, கையில் விரலே இல்லாதவருக்கு எங்கே என்றெல்லாம் அதில் இருந்தது. பத்து விரலும் இருந்து பத்தும் வீணாய்ப் போனவருக்கு ஒன்றும் இல்லை. கடைசியில் அவரே ஒரு முடிவுக்கு வந்தார்.

"முழங்கையக் காட்டு" என்றார்.

இடது முழங்கையில் மை வைத்து, வாக்குச்சீட்டைக் கொடுத்தார்கள். ஜெயித்துவிட்டேன் என்கிற சந்தோஷத்தில் காது அடைத்துப்போயிற்று. மறைவுக்குள் போனேன், முத்திரையை எடுத்தேன், குத்தினேன். நெடுக்கே மடித்தேன், குறுக்கே மடித்தேன். அப்படி ஒரு மடிப்பை அந்தச் சாவடியில் யாரும் மடித்திருக்க மாட்டார்கள். பெட்டியில் போட்டுவிட்டு வாசற்படி இறங்கும்போதுதான் உறைத்தது. என் கை பழக்கதோஷத்தில் மூன்றாவது இடத்தில் குத்தியிருக்கிறது. அங்கே பால்கோவா இல்லை. நான் ஒரு மாதமாக யோசித்து வைத்திருந்தவரும் இல்லை. அங்கே இருந்தது ஒரு குடை.

"என்னட்டி, பேயறஞ்ச மாதிரி வார?" என்றான் பாலு.

"கொடைக்குக் குத்திட்டேன்."

"எந்தக் கொட?"

அது யார் குடை என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியவில்லை. சுவரொட்டியைத் தேடிப் பார்த்தோம். தளவாய்புரத்துச் சுயேச்சை, சண்முகவேல் என்று பேர், சைக்கிள் கடை வைத்திருப்பவர். பாலு சைக்கிள் பாரைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து சிரித்தான். அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் டீக்கடை, மில் கேட், டவுன் பஸ் எல்லா இடத்திலும் பரப்பிவிட்டான். அப்பா, "எம் பேச்சயும் கேக்கல, அவ பேச்சயும் அவ கேக்கல" என்று அம்மாவிடம் சொன்னாராம்.

முடிவு வந்து சில நாள் கழித்து, நல்ல மழையில், வெள்ளை வேட்டி கட்டிய ஒருத்தர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு பால்கோவா பொட்டலம். அவர்தான் சண்முகவேல். டெபாசிட் போய்விட்டது என்று சிரித்துக்கொண்டே சொன்னார். கதை தளவாய்புரம் போய்ச் சேரும்போது பாதி தேய்ந்துபோயிருந்தது. ஒரு பெண், கையெல்லாம் புண்ணோடு, ஆபீசரோடு மல்லுக்கட்டி, சாட்சி வைத்து, குடைக்கு ஓட்டுப் போட்டாள் என்றுதான் அவருக்குத் தெரியும்.

"ஒங்களுக்குத்தான் போட்டேன்னு எங்கிட்ட ஒருத்தரும் சொல்லலம்மா. எங்க வீட்டுலயே எனக்குச் சந்தேகமா இருக்கு. நீ ஒருத்திதான் நின்னு போராடிப் போட்டிருக்க" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

பாலு வாயைத் திறந்தான். அப்பா அவனை ஒரு பார்வை பார்த்தார், மூடிக்கொண்டான். பிறகு அப்பா, வேறு கட்சிக்காகத் தொண்டை கிழியக் கத்துகிற எங்கள் அப்பா, அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு, "எம் மகளுக்குச் சரின்னு பட்டுச்சு, போட்டா" என்றார். அப்பா அப்படிச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. முழங்கையைத் தாவணியால் மூடிக்கொண்டு காப்பி போட உள்ளே ஓடினேன்.

என் கல்யாணத்துக்கும் சண்முகவேல் அண்ணாச்சி வந்தார். ஒரு பெரிய கறுப்புக் குடையைக் கொடுத்து, கம்பி கெட்டுப்போனால் தானே சரிசெய்து தருவதாகச் சொன்னார். சொன்னபடி இரண்டு தடவை செய்தும் தந்தார். அந்தக் குடை இன்னும் என் வீட்டில் இருக்கிறது. மழை இறங்கினால் எங்கள் வீட்டில் யாரும் குடையை எடுத்துக்கொள் என்று சொல்வதில்லை. என் வீட்டுக்காரர் தொடங்கி பாலுவின் பேரப்பிள்ளைகள் வரைக்கும் எல்லாருக்கும் ஒரே வாசகம்தான்: "மழ வருது, ஒங் கட்சிய எடுத்துட்டுப் போ."