குரூப் சொல்லும் பாக்கியநாதன்

மாம்பழத்தையும் கத்திரி வெயிலையும் போல மே மாதத்தில் மட்டும் தலைகாட்டும் ஓர் இனத்தார் நம்மிடையே உண்டு. பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியான அரை மணி நேரத்துக்குள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். எந்த வீட்டுப் பிள்ளை பிளஸ் ஒன்னில் எந்த குரூப் எடுக்க வேண்டும் என்பதை, அந்தப் பிள்ளையைத் தவிர மற்ற எல்லோரிடமும் சொல்லிவிட்டு வருவதுதான் இவர்கள் தொண்டு. சம்பளம் கிடையாது. டீ உண்டு.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையை ஒட்டிய தெரு ஒன்றுக்கு இந்தத் தொண்டைச் செய்துவந்தவர் பாக்கியநாதன். இரும்புக் கம்பி ஆலை ஒன்றில் ஃபிட்டர். அவர் பத்தாவது தேறியபோது, ஊரார் வயலில் கூலிக்குப் போன அவருடைய அப்பா, எங்கே வரிசை சின்னதாக இருந்ததோ அங்கே அவரை நிறுத்தினார். அது ஐ.டி.ஐ. வரிசை. அன்றைக்கு யாராவது வந்து நாலு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்ற ஏக்கம் இருபத்தைந்து வருடமாக அவருக்குள் இருந்தது. ஏக்கத்தில் தவறில்லை. அது வாய் திறந்ததுதான் வினை.

அந்த வருடம் தெருவில் தேறியவர்கள் பன்னிரண்டு பேர். ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் இறங்கியவர் வீட்டுக்குக்கூடப் போகாமல் வேலையை ஆரம்பித்தார். டீ வேண்டாம் என்பார், இரண்டு குடிப்பார், கணக்கில் எவ்வளவு என்று கேட்பார். தொண்ணூற்றைந்து என்றால் மீதி ஐந்து எங்கே போனது என்று வருந்துவார். முப்பத்தெட்டு என்றால், மூளை நிறைய இருக்கிறது, பேப்பருக்குத்தான் வரவில்லை என்பார். எதுவானாலும் மருந்து ஒன்றுதான்: கணக்கு, இயற்பியல், வேதியியல், உயிரியல். ஃபர்ஸ்ட் குரூப். அதை எடுத்த தன் அக்கா மகன் அன்புராஜ் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் இருப்பதை எடுத்துச் சொல்வார். முதல் வீட்டில் அன்புராஜ் கிரேனுக்குப் பக்கத்தில் நின்றான். ஐந்தாவது வீட்டில் கிரேனை ஓட்டினான். பதினோராவது வீட்டை அடைவதற்குள் அவனைக் கேட்காமல் ஒரு கப்பலும் கரைக்கு வருவதில்லை என்றாகிவிட்டது.

பன்னிரண்டாவது வீடு அவருடையது. மகள் ஸ்நேகாவும் அந்த வருடம்தான் தேறியிருந்தாள். வீட்டுப் பிள்ளைதானே, அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

பதினொரு பிள்ளைகளும் அறிவியலுக்கு விண்ணப்பம் போட்டார்கள். அரசுப் பள்ளியில் வரலாற்று ஆசிரியை ஜானகியம்மாளுக்குத் தூக்கம் போயிற்று. பிள்ளைகள் இல்லையென்றால் கலைப் பிரிவை மூடுவார்கள். மூடினால் அவரை மாவட்டத்தின் மறுகோடியான பள்ளிப்பட்டுக்கு மாற்றுவார்கள். அவர் விசாரித்தார், காரணத்தைக் கண்டுபிடித்தார், காரணத்தின் வீட்டுக்கே வந்தார். சண்டை போடவில்லை. உங்கள் பேச்சைத்தானே தெரு கேட்கிறது, கலைப் பிரிவுக்கு ஒரு வழி சொல்லுங்கள் என்று கைகட்டி ஆலோசனை கேட்டார்.

பாக்கியநாதன் ஆடிப்போனார். இத்தனை வருடத்தில் அவர்தான் எல்லோரையும் தேடிப் போயிருக்கிறார். ஆலோசனை கேட்டு அவரைத் தேடி ஒருவர் வருவது இதுதான் முதல் தடவை. தேடி வந்தவரை வெறுங்கையோடு அனுப்புகிற மனம் அவருக்கு உண்டா?

மறுநாளே அதே பதினொரு வீடு, அதே இரண்டு டீ, அதே பேச்சு. பாடம் மட்டும் மாறியிருந்தது. வரலாறும் பொருளியலும் படித்தவன்தான் நாட்டை ஆள்கிறான் என்றார். அன்புராஜுக்கு ஒரே இரவில் படிப்பு மாறி, கப்பல்கள் எந்தெந்த நாட்டிலிருந்து வருகின்றன என்று தெரிந்ததால் மட்டுமே அவன் துறைமுகத்தில் வேலை பார்க்கலானான்.

இரண்டாம் வீட்டுச் செண்பகம் மட்டும், “அன்னிக்கி வேற மாறி சொன்னீங்களேணா?” என்று கேட்டாள்.

“அன்னிக்கி சொன்னது அன்னிக்கி இருந்த உலகத்துக்கும்மா.”

பதினொரு விண்ணப்பமும் கலைப் பிரிவுக்கு மாறியது.

அடுத்து வந்தவர் இயற்பியல் ஆசிரியர் அன்புசெல்வன். புதிதாக வந்த சோதனைச்சாலைச் சாமான்கள் அட்டைப்பெட்டியிலேயே கிடக்கும் போலிருக்கிறது என்று புலம்பினார். பாக்கியநாதனுக்கு அதையும் தாங்க முடியவில்லை. மூன்றாம் முறை தெருவில் இறங்கினார். இரண்டு ஆசிரியர்களையும் கைவிடாத ஒரு தீர்வு அவரிடம் இருந்தது. கணக்கு வேண்டும், அது புத்தியைத் தீட்டும். அறிவியல் வேண்டும், அது கேள்வி கேட்க வைக்கும். வரலாறு, ஓவியம் என்று கலையும் வேண்டும், அது மனிதரைப் புரிய வைக்கும். ஆகவே மூன்றும் சேர்ந்த குரூப்பை எடுங்கள். யோசித்துப் பார்த்தால், அந்த மே மாதத்தில் அவர் சொன்ன உருப்படியான பேச்சு அது ஒன்றுதான். அப்படியொரு குரூப் பள்ளியில் இல்லை என்பதுதான் குறை.

சேர்க்கையின் கடைசி நாள் மதியம் மூன்று மணிக்கு, பதினொரு தாய்மாரும் பாக்கியநாதன் தலைமையில் தலைமையாசிரியர் சுப்பராயன் அறைக்குள் நுழைந்தார்கள். கணக்கும் இயற்பியலும் வரலாறும் ஓவியமும் சேர்ந்த குரூப்பில் பதினொரு இடம் வேண்டும் என்றார்கள். சுப்பராயன் அரசாணையைக் காட்டினார்.

“இல்லன்னா புச்சா தொறங்க சார்,” என்றாள் செண்பகம். “பாக்கியநாதன் அண்ணனே சொல்ட்டாரு.”

சுப்பராயன் பொறுமைசாலி. நான்கு மணிக்குப் பட்டியலை மூட வேண்டும் என்று சொல்லிவிட்டு, பிள்ளைகள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார்.

பதினொரு தாய்மாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு, சாவியை மறந்துவிட்டவர்கள் திரும்புவதுபோல, வராந்தாவில் நின்ற பிள்ளைகள் பக்கம் திரும்பினார்கள்.

“உனுக்கு இன்னாடி வோணும்?” என்று செண்பகம் தன் மகள் காயத்ரியைக் கேட்டாள்.

“நர்ஸுக்குப் படிக்கணும். மூணு வருசமா சொல்லிக்கினுதான் இருக்கேன்.”

“எப்போ சொன்ன?”

“நீ டிவி பாக்கசொல்ல.”

வராந்தா முழுவதும் இதே விசாரணை நடந்தது. ஒரு பையன் தனக்குப் படமே வரையத் தெரியாது என்றான். இன்னொருத்திக்கு வக்கீல் ஆக ஆசையாம், அவள் அம்மாவுக்கு அது செய்தி. மூன்றே முக்காலுக்குள் ஆறு பேர் அறிவியலுக்கும் ஐந்து பேர் கலைப் பிரிவுக்கும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஜானகியம்மாள் ஊரில் தங்கினார். அன்புசெல்வன் அட்டைப்பெட்டியைப் பிரிக்கக் கத்தி தேடிப் போனார்.

பாக்கியநாதனுக்கு அப்போதுதான் சொந்த மகள் நினைவு வந்தது. ஓடிப்போய்ப் பட்டியலைப் பார்த்தார். கலைப் பிரிவில் முதல் பெயர் பா. ஸ்நேகா. முதல் நாளே விண்ணப்பம் கொடுத்திருக்கிறாள். அவர் மனைவி ரோசம்மாள் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். கணக்கு மதிப்பெண் தொண்ணூற்றேழு.

வீட்டில் சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து, “என்னை ஒரு வார்த்தை கேக்கலியேம்மா,” என்றார்.

“நீங்க ஊட்ல இருந்தாதானப்பா கேக்கறதுக்கு,” என்றாள் ஸ்நேகா. “எனக்கு இதான் புடிச்சிக்கிது. கணக்கை உட்டுட மாட்டேன். பொருளியல்ல அதுவும் வருதாம்.”

அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவரைக் குத்தியது. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு, அப்படி என்ன இருக்கிறது அந்த வரலாற்றில் என்று மெல்லக் கேட்டார். அவள் சொல்ல ஆரம்பித்தாள். பத்து நிமிடம் பாக்கியநாதன் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. ரோசம்மாள் பயந்துபோய் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

மறுநாள் ஆலை கேன்டீனில், மகனைக் கல்லூரியில் எதில் சேர்ப்பது என்று சூப்பர்வைசர் யாரிடமோ கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். அவர் பேசி முடிக்கும்வரை பாக்கியநாதன் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார். அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அவரைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன், உண்மையைச் சொல்லுங்கள். தொண்ணூற்றேழு வாங்கிய பெண் போயும் போயும் அந்தப் பிரிவை எடுக்கலாமா, யாராவது எடுத்துச் சொல்லக் கூடாதா என்று சற்றுமுன் உங்கள் மனம் முணுமுணுத்ததா இல்லையா? முணுமுணுத்தது என்றால், மன்னிக்கவும், அவள் வீட்டு முகவரியை உங்களுக்குத் தருவதாக இல்லை.