நான் குப்புறப் படுத்த இடங்கள்

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இருபத்தெட்டு வயதில், கைநிறையச் சம்பளத்தோடும் முழு நினைவோடும், திருப்பூர் வட்டாரத்தில் இருபத்தைந்து இடங்களில் நான் குப்புறப் படுத்திருக்கிறேன். குடித்துவிட்டு அல்ல. குடித்திருந்தால்கூட ஒரு நியாயம் சொல்லியிருக்கலாம்.

எல்லார் செல்போனிலும் கேமரா வந்த புதிது. நான் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். (வெளிநாட்டுக்காரன் திட்டுவதை ஆங்கிலத்தில் வாங்கி, உள்ளூர்க்காரர்களுக்குத் தமிழில் பிரித்துக் கொடுக்கும் உத்தியோகம்.) ஒருநாள் எங்களுக்கு ஆர்டர் கொடுக்கும் லண்டன் ஆபீஸ் பையன் ஒரு படம் அனுப்பினான். தபால்பெட்டி மேல் விறைப்பாகக் குப்புறப் படுத்திருந்தான். இணையத்தில் உலகமே இப்படித்தான் படுத்துக்கொண்டிருக்கிறதாம். முகம் கீழே பார்க்க வேண்டும், கைகள் உடம்போடு ஒட்டியிருக்க வேண்டும், அசையக் கூடாது. எங்கே படுத்தோம் என்பதில்தான் பெருமை.

அன்றைக்கே கட்டிங் டேபிளில் படுத்தேன். செக்கிங் சூப்பர்வைசர் செந்தில் படம் எடுத்தான். 'சூப்பர்' என்று லண்டனிலிருந்து பதில் வந்தது. இரண்டு வருடமாகச் சாம்பிள் அனுப்பியும் அவனிடம் வாங்க முடியாத பாராட்டு அது. அவ்வளவுதான், எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது.

எனக்கு மட்டுமா? ஒரே வாரத்தில் அயர்னிங் மாஸ்டர் தன் டேபிளில் படுத்தார். பேக்கிங் ஆட்கள் அட்டைப்பெட்டிகள் மேல் படுத்தார்கள். பக்கத்துச் சாயப்பட்டறையிலிருந்தும் பல்லடம் ரோட்டுக் கம்பெனிகளிலிருந்தும் படம் படமாக வந்தது. ஒருநாள் மத்தியானம் முதலாளி திடுதிப்பென்று உள்ளே வந்தார். நாலு பேர் வரிசையாகக் குப்புறக் கிடந்தோம். மனுஷன் கரண்ட் அடித்துவிட்டது என்று நினைத்து, "அய்யோ சாமி!" என்று ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டார். அத்தனை மிஷினும் நின்றது. மறுநாள் நோட்டீஸ் போர்டில், 'கம்பெனிக்குள் யாரும் படுக்கக் கூடாது' என்று ஒட்டியிருந்தது.

அப்போதாவது புத்தி வந்திருக்க வேண்டும். எனக்கோ, அப்படியானால் வெளியே படுக்கலாம் என்றுதான் தோன்றியது.

அந்தச் சமயத்தில்தான் பல்லடத்தில் எனக்குப் பெண் பார்த்திருந்தார்கள். ஏழு ஜாதகம் தட்டிப்போய் வந்த எட்டாவது. பெயர் சுகன்யா. பார்க்கப் போன அன்று, "உங்க கம்பெனி பனியனை நீங்க போடுவீங்களா?" என்று கேட்டாள். "எங்கீங்க, அதெல்லாம் எக்ஸ்போர்ட்டுங்க. நமக்கு ஓட்டை விழுந்ததுதான் குடுப்பாங்க" என்றேன். வாய்விட்டுச் சிரித்தாள். கட்டினால் இவளைத்தான் என்று அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. மாப்பிள்ளை வேலை செய்யும் இடத்துக்குச் சொல்லாமல் கொள்ளாமல் வந்து விசாரிப்பார்கள். சுகன்யாவின் தாய்மாமன் வந்தார். கேட்டில் இருந்த வாட்ச்மேன் திருநெல்வேலிக்காரர், பொய்யே சொல்லத் தெரியாதவர்.

"பையன் எப்படீங்க?"

"தங்கமான பிள்ளைல்லா! மத்தியானம் ஆச்சுன்னா மட்டும் எங்கயாவது குப்புற விழுந்து கெடப்பாரு. பொறவு எந்திரிச்சு வேலையப் பாப்பாரு. அந்தா, இப்பங்கூட கெடக்காரு பாருங்க."

மாமா திரும்பிப் பார்த்தார். கேட்டுக்கு எதிரே, சாக்கடைப் பாலத்துக் கைப்பிடிச் சுவரின் மேல் நான் விறைத்துக் கிடந்தேன்.

சாயங்காலமே தரகர் போன் செய்து சம்பந்தம் வேண்டாம் என்றுவிட்டார். "குடிகாரன்னு சொல்லிப்போட்டாங்களே கண்ணு!" என்று அம்மா அழுதாள். அந்தச் சிரிப்பு இனி வேறு எவனோ ஒருவனுக்கா? விடக் கூடாது, நேரில் போய் நிரூபிக்க வேண்டும். அதற்காக நான் செய்த காரியம்தான் அபாரம். இருபத்துநாலு படத்தையும் பிரிண்ட் போட்டு, ஆல்பமாக்கி, சுகன்யா வளர்ந்த அந்தத் தாய்மாமன் வீட்டுக்கே எடுத்துக்கொண்டு போனேன்.

மாமா ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். "இது எங்கீங்க?"

"ஊத்துக்குளி ரயில்வே ஸ்டேஷன் பெஞ்சுங்க."

"இது?"

"டவுன் பஸ் மேலீங்க."

"ஒரு எடம் பாக்கி வெக்கலையாட்ட இருக்குது." ஆல்பத்தை மூடினார். "செரி, குடியில்லைங்கறீங்க. பின்ன என்ன நோவுங்க?"

"நோவெல்லாம் இல்லீங்க. சும்மா வெளையாட்டுங்க."

"வயசு என்னங்க ஆச்சு?"

"இருபத்தெட்டுங்க."

ஆல்பத்தை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். அதற்குக் குடிகாரன் என்றே சொல்லியிருக்கலாம். நான் எழுந்து செருப்பைத் தேடப் போகையில், கதவோரத்திலிருந்து சுகன்யாவின் குரல் வந்தது. "மாமா, ஒருக்கா செஞ்சு காட்டச் சொல்லுங்க."

மானம் போனது போகட்டும் என்று வெள்ளை வேட்டியோடு கூடத்தின் நடுவே குப்புறப் படுத்தேன். முகம் கீழே, கை உடம்போடு, அசைவில்லை. சரியாக அந்த நேரம் பின்கட்டிலிருந்து ஒரு ஜோடிக் கால்கள் வந்து என் தலைமாட்டில் நின்றன. சுகன்யாவின் அப்புச்சி, அதாவது அந்த மாமாவைப் பெற்றவர். மாப்பிள்ளை வந்திருக்கிறான் என்பதைத் தவிர, நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது.

"அட சாமி, எந்திரி, எந்திரி! இந்தக் காலத்துல எவன் இப்படி நெடுஞ்சாங்கிடையா கால்ல உழுகறான்? தலையை மட்டும் ஆட்டிப்போட்டுப் போறானுங்க." குனிந்து என் தலையில் கை வைத்தார். "நல்லா இரு. எங்க கண்ணை உனக்குத்தான் குடுக்கறோம். ஏண்டா, தேதி எப்ப?" கடைசிக் கேள்வி மகனுக்கு.

அப்பன் என் தலையில் கை வைத்து வாக்குக் கொடுத்த பிறகு மகன் என்ன பேசுவது? கதவோரத்தில் 'கிளிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. இருபத்தைந்தாவது படம் அது. எடுத்தவள் சுகன்யா.

ஒன்றிரண்டு வருடத்தில் உலகம் அந்த விளையாட்டை மறந்துவிட்டது. லண்டன்காரனிடம் ஒருமுறை கேட்டேன், அவனுக்கே நினைவில்லை. எனக்குத்தான் விடுதலை இல்லை. ஒவ்வொரு நோம்பிக்கும் பண்டிகைக்கும் மற்ற பேரன் பேத்திகள் குனிந்து காலைத் தொட்டால் போதும், அப்புச்சி திருநீறு பூசிவிடுகிறார். என் முறை வந்தால் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார். நான் முழுசாக விழ வேண்டும். சுகன்யா போனை எடுப்பாள். மாமா பக்கத்தில் வந்து குனிந்து, காதோடு சொல்வார்:

"கையை ஒடம்போட ஒட்டி வையுங்க மாப்ளை. ரூல்ஸ் தப்பப்படாது."