மனைவி தவிர வேறெவருக்கும்

தான் எழுதிய வரியே தன் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுகிற பாக்கியம் எல்லா எழுத்தாளனுக்கும் வாய்க்காது. எனக்கு வாய்த்தது. (நான் எழுத்தாளன்கூட இல்லை. அச்சகத்தில் புரூப் பார்ப்பவன். தோரணை மட்டும் எழுத்தாளன் தோரணை.)

எழுபதுகளில் திருவனந்தபுரம் ஆரியசாலையில் எங்கள் அச்சகம். எனக்குப் புதுக் கல்யாணம். மனைவி பார்வதி பக்கத்துத் தெருவில் வியாபாரிகள் சங்கத்தில் கணக்கு எழுதினாள். அங்கே அவள் ஒருத்திதான் பெண். வேலைக்குப் போகிறாள் என்று பிறந்த வீட்டில் அவளோடு பேச்சே கிடையாது. அந்த ஆண்டு விழாவில் சிறந்த ஊழியர் பரிசு அவளுக்குத்தான்.

"எங்க வீட்ல ஒருத்தரும் வரமாட்டாங்க. நீங்க முன்னால உக்காந்து கைதட்டணும், கேட்டோ?" என்றாள்.

"நான் இல்லாம விழாவா?" என்றேன்.

அழைப்பிதழ் எங்களிடம்தான் அச்சுக்கு வந்தது. போன வருஷம் ஆளாளுக்கு மச்சான், சித்தப்பன் என்று பட்டாளத்தோடு வந்து சாப்பாடு தீர்ந்துபோனதாம். "கொஞ்சம் கறாரா எழுதுங்க" என்றார் செயலாளர். எழுதினேன்: 'உறுப்பினர்களும் ஊழியர்களும் தத்தம் மனைவியருடன் வருக. மனைவி தவிர வேறெவருக்கும் அனுமதி இல்லை.' அந்த 'வேறெவருக்கும்' என் சொந்தச் சரக்கு.

பார்வதி புரூபைப் படித்துவிட்டு, "ஏங்க, எனக்கேது பொண்டாட்டி? நான் யாரைக் கூட்டிட்டு வர?" என்றாள்.

"அட, அப்படி எழுதுறதுதான் வழக்கம். உன்னையும் சேர்த்துத்தான் அர்த்தம்."

"சேர்த்திருந்தா அதையும் எழுதலாமே?"

பேனா பிடித்தவனிடமே கேள்வியா! சிரித்துவிட்டு அச்சுக்கு அனுப்பினேன்.

விழாவன்று பார்வதி காலையிலேயே போய்விட்டாள். மாலையில் நான் பட்டு வேட்டியும் பவுடருமாகப் போனேன். வாசலில் புது வாட்ச்மேன், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்.

"சாரு மெம்பரா?"

"இல்லை."

"ஸ்டாஃபா?"

"என் மனைவி ஸ்டாஃப்."

அழைப்பிதழை எழுத்துக்கூட்டிப் படித்தார். "மனைவி தவிர வேறெவருக்கும்... பாத்தியளா? நீங்க மனைவி இல்லியே அண்ணாச்சி."

"யோவ், இதை எழுதினதே நான்தான்யா!"

"அப்பம் உங்களுக்கே தெரியுமே" என்றார், மரியாதையாகத்தான்.

உள்ளே முற்றத்து மேடையில், மைக்கில் பார்வதியின் பெயரைக் கூப்பிட்டார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. முன்வரிசையில் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டே அல்லவா மேடையேறுவாள், பாவி மகள்! வாட்ச்மேனின் ஸ்டூலை மதிலோரம் இழுத்துப் போட்டு ஏறி, தலையை நீட்டி, கை சிவக்கத் தட்டினேன். (வேட்டியை வாட்ச்மேன் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்.) கூட்டம் மொத்தமும் திரும்பியது.

"யாருடே அது மதில்மேல?" தலைவர் மைக்கிலேயே கத்தினார்.

பார்வதி பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு. மைக்கைத் தன் பக்கம் திருப்பி, "அவரு என் பொண்டாட்டிங்க. உள்ள விடுங்க!" என்றாள்.

அதற்கப்புறம் எங்கள் அச்சகத்துக்கு எந்த அழைப்பிதழ் வந்தாலும், யார் முகம் சுளித்தாலும், 'கணவன் அல்லது மனைவியுடன்' என்றுதான் போட்டேன். என்ன பிரயோசனம்? இன்றைக்கும் நாங்கள் ஒரு கல்யாணத்துக்குப் புறப்பட்டால், எங்கள் மகள் வாசலில் நின்று குரல் கொடுக்கிறாள்: "அம்மா, நேரமாச்சு. உங்க பொண்டாட்டியச் சீக்கிரம் கிளம்பச் சொல்லுங்க!"