மாடு பார்த்துச் சொன்ன வீடு

பயந்த சுபாவம் உள்ளவர்கள் எல்லாவற்றையும் கவனமாகப் பார்ப்பார்கள் என்று பலர் நம்புகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எதற்குப் பயப்படுகிறோமோ அதை மட்டும்தான் பார்ப்போம். அது அங்கே இல்லை என்று தெரிந்துவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிடுவோம். நான் போட்டேன்.

எங்களுக்கு ஒரே பெண், அம்மு. அப்போது மூன்றாம் வகுப்பில் இருந்தாள். திருவனந்தபுரத்தில் ஸ்ரீவராகம் என்ற பகுதியில், சுவரும் சுவரும் ஒட்டி நிற்கும் தெருவில், வாடகைக்குக் குடியிருந்தோம். வெளியே இடமில்லாததால் கூடத்திலேயே கயிறு சுற்றிக் குதிப்பாள். அந்தக் கயிறு மின்விசிறியில் மாட்டி, மின்விசிறி அவள் தலைமேல் விழுவதை நான் தினமும் மனசுக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன். (மின்விசிறி இன்றுவரை விழவில்லை. அடுத்து வந்த குடித்தனக்காரரிடம் விசாரித்துவிட்டேன்.) அவள் குதித்து விளையாட வாசலில் கொஞ்சம் இடம் உள்ள வீடு வேண்டும். நாங்கள் வீடு தேடிய காரணம் அவ்வளவுதான்.

ஆனால் இந்த ஊரில், வாசலில் இடம் உள்ள பழைய வீடு என்றால் அந்த இடத்தில் கிணறும் இருக்கும். எனக்கோ கிணறு ஆகாது. வலை போட்ட கிணறு, மூடி போட்ட கிணறு, பூட்டுப் போட்ட கிணறு எதுவும் ஆகாது. தரகர் கதவைத் திறப்பதற்குள் நான் கிணற்றைப் பார்த்துவிட்டு ஆட்டோவில் திரும்ப ஏறியிருப்பேன். ஒரு வீட்டுக்கார அம்மாள் மிகவும் வருத்தப்பட்டாள்.

"இத்தரை உயரத்துக்குச் சுவரு கெட்டியிருக்கே மோளே! என்றெ மூணு பிள்ளைகளும் இவிடெத்தன்னே வளர்ந்தது."

"உங்க பிள்ளைகள் சமர்த்து" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

என் கணவர் வங்கியில் வேலை பார்ப்பவர். பேச்சைச் சிக்கனமாகச் செலவழிப்பவர். அன்று ஆட்டோவில் சொன்னார்: "ராஜி, நீ வீடு பாக்கலை. ஊர்ல இருக்கற கிணத்தையெல்லாம் பாத்துண்டிருக்கே."

அப்போதுதான் ஒரு கம்பெனியைப் பற்றிக் கேள்விப்பட்டோம். பழைய வீடுகளை வாங்கி, இடிக்கவேண்டியதை இடித்து, பூசவேண்டியதைப் பூசி, புதியதுபோல் ஆக்கி, லாபம் வைத்து விற்பவர்கள். அனீஷ் என்று ஓர் இளைஞன் தொலைபேசியில் பேசினான். எங்களைப்போன்ற தமிழ்க் குடும்பங்கள் இருக்கும் தெருக்களில் வியாபாரம் செய்யவென்றே கொஞ்சம் தமிழ் கற்றுவைத்திருந்தான்.

"மேடம், கரமனைக்கு அப்புறம் ஒரு வீட்டில் பணி நடக்குது. அடுத்த ஆழ்ச்சை காட்டித் தராம். மேடத்துக்கு ஸ்பெஷலா ஏதெங்கிலும் வேணுமோ?"

"வேணும்னு ஒண்ணுமில்லை. வேண்டாம்னு ஒண்ணு உண்டு. கிணறு இருக்கப்படாது."

அவன் ஏதோ எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு, "அவ்வளவேதான் உள்ளோ? ஷரி மேடம். டென்ஷன் வேண்டா" என்றான்.

அடுத்த வாரம் போனோம். உள்ளே நுழைந்ததும் எலுமிச்சை வாசனை. சுவரெல்லாம் வெள்ளை. சிட்-அவுட் என்ற முன்வராந்தாவில் ஒரு பழைய இரும்புக் கப்பிக்குத் தங்க நிறம் பூசித் தொங்கவிட்டு, அதிலிருந்து மணிபிளான்ட் தொட்டியைக் கட்டியிருந்தார்கள். என்ன ரசனை என்று வியந்தேன். வாசலிலிருந்து கேட் வரை பச்சைப்பசேலென்று பிளாஸ்டிக் புல். நான்கு மூலையிலும் தேடினேன். கிணறு இல்லை. கேட்டுக்கு வெளியே போய் பக்கத்துச் சந்தில் கூட எட்டிப் பார்த்தேன். இல்லவே இல்லை.

அம்மு கயிற்றை எடுத்துவந்திருந்தாள். புல்லின் நடுவில் நின்று குதிக்க ஆரம்பித்தாள். பள்ளிக்கூடத்து மலையாளமும் வீட்டுத் தமிழும் சேர்ந்து வந்தது. "அம்மா, நோக்கு! இங்க குதிச்சா நல்லா பவுன்ஸ் ஆறது!"

விழுந்தாலும் முட்டியில் அடிபடாது என்று எனக்குச் சந்தோஷம்.

என் கணவர் மட்டும் அனீஷிடம், "இது ரொம்பப் பழைய வீடாச்சே. முன்னாடி இருந்தவா தண்ணிக்கு என்ன பண்ணினா?" என்று கேட்டார்.

"பைப் கனெக்‌ஷன் உண்டு சார்."

"அது இப்போ. அப்போ?"

நான் அவர் கையைக் கிள்ளினேன். கிடைக்காதது கிடைத்திருக்கிறது; இவர் குறுக்கு விசாரணை நடத்துகிறாரே என்று கோபம். அவர் கையைத் தடவிக்கொண்டு கேள்வியை விட்டுவிட்டார். அந்தத் தழும்பை அவர் இன்னும் காட்டுவார். (தழும்பெல்லாம் இல்லை. மச்சம் அது.)

வீட்டை வாங்கி, மழைக்காலம் கழிந்து, கிரகப்பிரவேசம் வைத்தோம். அதற்குப் பசுவை முதலில் வீட்டுக்குள் அழைத்துப்போவது எங்கள் வழக்கம். மணியன் என்று நாகர்கோவில் பக்கத்துக்காரர், லட்சுமி என்ற பசுவைக் குட்டி லாரியில் கொண்டுவந்தார். கேட்டுக்குள் நுழைந்த லட்சுமி, புல்லின் ஓரத்தில் வந்து நின்றது. நின்றதுதான். மணியன் கயிற்றை இழுத்தார். அசையவில்லை. சுற்றத்தார் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்ததில் அவருக்கு அவமானமாகிவிட்டது.

"யக்கா, இவ ஒருக்காலும் இப்பிடிச் செய்ததில்ல. போன மாசம் ஒரு பிளாட்டுல லிப்டுலயே ஏறினவளாக்கும்."

"மாமி, முகூர்த்தம் தாண்டிண்டிருக்கு" என்றார் சாஸ்திரிகள்.

அம்முவுக்கு ஒரு யோசனை தோன்றியது. பாவாடையைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய், புல்லின் நடுவில் நின்று, வாழைப்பழத்தை நீட்டினாள். "லட்சுமி, வா வா! பழம்!"

அப்போதும் அது அசையவில்லை. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பசு நுழைய மறுத்த வீடு என்று ஊர் பேசும். குழந்தைக்கு ஏதாவது ஆகும். எதிலிருந்து ஆரம்பித்தாலும் என் யோசனை அங்கேதான் போய் முடியும். மடிசார்ப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, பசுவின் பின்னால் போய், இரண்டு கையையும் அதன் இடுப்பில் வைத்து, பலம் கொண்டமட்டும் தள்ளினேன்.

லட்சுமி திரும்பி என்னைப் பார்த்தது. இவ்வளவு படித்த பெண்மணியா என்பதுபோல் ஒரு பார்வை. வாலால் என் முகத்தில் ஒரு வீச்சு வீசியது. பிறகு, முன்னங்கால்களை எடுத்து வைக்காமல் கழுத்தை மட்டும் நீட்டி, பிளாஸ்டிக் புல்லின் ஓரத்தைக் கடித்து இழுத்தது.

புல் பாய்போல உருவிக்கொண்டு வந்தது. காலடியில் புல் இழுபட, அம்மு பொத்தென்று உட்கார்ந்தாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

என் கணவர் சிரிக்கவில்லை. அம்மு உட்கார்ந்திருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். புல்லுக்கு அடியில் தரை இல்லை. பிளைவுட் பலகை இரண்டு, மழைத் தண்ணீர் இறங்கிக் கறுத்துப்போய், நடுவில் தொய்ந்து கிடந்தன. அந்தத் தொய்வில்தான் அவள் உட்கார்ந்திருந்தாள்.

"அம்மு, எழுந்திருக்காதே. அசையாதே." அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. பட்டு வேஷ்டியோடு குப்புறப் படுத்து, கையை நீட்டினார். "பழத்தைக் கீழே வை. கையைக் கொடு."

"வெச்சா அழுக்காயிடுமே, அப்பா. மாடு தின்னாது."

"ஆகட்டும். கையைக் கொடு, கண்ணா."

இழுத்து எடுத்தார். மணியன் மெதுவாக ஒரு பலகையை நகர்த்தினார். கீழே இருட்டு. ஈரக் காற்று மேலே வந்து முகத்தில் பட்டது. வெகு ஆழத்தில் ஒரு துண்டு வானமும், அதைச் சுற்றி எங்கள் தலைகளும் தெரிந்தன.

சாஸ்திரிகள் மந்திரத்தைப் பாதியில் விட்டுவிட்டார். லட்சுமி மட்டும் மென்றுகொண்டிருந்தது.

"யக்கா, இந்த பிளாஸ்டிக்கு உள்ள போனா எம் மாட்டுக்கு வயித்துக்கு ஆகாது" என்று மணியன் அதன் வாய்க்குள் கையை விட்டு, பச்சை நார்களைப் பிடுங்கிப் போட்டார். என் கணவர் தலையை உயர்த்தி சிட்-அவுட்டைப் பார்த்தார். எல்லாரும் பார்த்தோம். தங்கம் பூசிய கிணற்றுக் கப்பி, மணிபிளான்ட்டோடு காற்றில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

அன்று பால் காய்ச்சியதாகச் சொல்கிறார்கள். எனக்கு நினைவில்லை. அம்முவை மடியிலிருந்து இறக்காமல் உட்கார்ந்திருந்தது மட்டும் நினைவிருக்கிறது.

மத்தியானம் அனீஷ் வந்தான். கத்தவேண்டும் என்று காத்திருந்தேன். அவன் முகம் உண்மையாகவே குழம்பிப்போயிருந்தது. "மேலே கான்கிரீட் ஸ்லாப் போடத்தான் பறஞ்ஞிருந்தது. கான்ட்ராக்டர் இப்படிச் செய்யும்னு அறிஞ்ஞில்லா. ஆனா, மேடம் தன்னே அல்லே பறஞ்ஞது, கிணறு வேண்டாம்னு? அதுகொண்டல்லே கிணத்துச் சுவரை இடிச்சது?"

நல்ல உயரமான கைப்பிடிச் சுவர் இருந்ததாம். கல்லில் கட்டியது. நான் தொலைபேசியில் சொன்ன மறுநாள் இடித்திருக்கிறார்கள்.

வீட்டைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லி என் கணவர் மாதக்கணக்கில் நடந்தார். அந்தக் கம்பெனி பழைய வீடுகளைத்தான் வாங்குமாம். எங்களுடையது புதுப்பித்த வீடு என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார்கள். கடைசியில் சுவரைத் திரும்பக் கட்டி, இரும்பு வலை போட்டு, பூட்டும் போட்டுக் கொடுத்தார்கள். அதே வீட்டில்தான் இருக்கிறோம். கோடையில் குழாய் வறண்டால் பக்கத்து வீட்டுக்காரர்கள் எங்கள் கிணற்றுக்குத்தான் வருவார்கள். சாவி என் இடுப்பில் இருக்கும்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எதை வாங்கினாலும், ஃபிரிட்ஜோ புடவையோ, யாராவது ஒருவர் "மாடு பாத்துடுத்தா?" என்று கேட்காமல் இருப்பதில்லை. அம்முவுக்கு அந்தக் கதையில் ஒரே வருத்தம், லட்சுமி அவளுடைய பழத்தை விட்டுவிட்டுப் பிளாஸ்டிக்கைத் தின்றதுதான். என் கணவர் நான் தள்ளிய அழகை நாற்காலியை வைத்து நடித்துக் காட்டுவார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அப்போது என் உள்ளங்கைகளில் அந்தப் பசுவின் சூடு வந்துவிடும். நான் தள்ளியதில் அது நகர்ந்திருந்தால் யார் நின்ற பலகைமேல் போய் ஏறியிருக்கும் என்பதை யாரும் நடித்துக் காட்டுவதில்லை.

இந்த வருஷம் அம்மு கோயம்புத்தூரில் கல்லூரியில் சேர்ந்தாள். விடுதி அறையைக் காட்டுவதற்காக வீடியோவில் கூப்பிட்டாள். கட்டிலைக் காட்டினாள், அலமாரியைக் காட்டினாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளாகவே கேமராவைத் தரைப்பக்கம் திருப்பி, ஒவ்வொரு மூலையாகப் போய் தொம்தொம் என்று குதித்துக் காட்டினாள்.

"போறுமா? ம்மா..." என்று மாடுபோலக் கத்தினாள். "மூணாம் மாடிம்மா. இங்கே கிணறு எங்கேர்ந்து வரும்?"

"இந்த வீட்டிலயும் இல்லைன்னுதான் சொன்னா" என்றேன். "நடுவுல குதிக்கலையே நீ."

சிரித்துக்கொண்டே குதித்தாள்.

"இன்னும் ஒரு தடவை" என்றேன்.