தாளாளரும் அவருடைய மிஷனும்

தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் போகும் பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்து வருகிறவர்களுக்கு ஓர் இனத்தை அறிமுகம் செய்து வைக்கிறேன். இரண்டு பக்கமும் நெல் வயல், நடுவில் திடீரென்று ஒரு வளைவு, வளைவின் மேல் உலக உருண்டை, உருண்டையின் மேல் ஒரு சிமெண்ட் புறா தெரிந்தால் உள்ளே அவர் இருக்கிறார். வரலாறுள்ள தாளாளர்.

மாதிரிக்குப் பாபநாசத்துக்கு இந்தப் பக்கம் இருக்கும் ரெங்கசாமியை எடுத்துக்கொள்வோம். நெற்கதிர் இன்டர்நேஷனல் இருமொழிப் பள்ளியின் தாளாளர். அந்த இடம் முன்பு அவருடைய நெல் அரவை ஆலை. நெல் காய்ந்த களத்தில் இப்போது பிள்ளைகள் பிரேயரில் காய்கிறார்கள். என் தங்கை கனிமொழி அங்கே தமிழாசிரியை. எம்.ஏ., பி.எட்., பல்கலைக்கழகத்தில் மூன்றாம் இடம். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள். இந்தக் கதை நடக்கும்போது மூன்று வருடம் ஐந்து மாதமாகத் தற்காலிகம்.

இந்த இனத்தின் முதல் அடையாளம் வரலாறு. தண்ணீர்க் குழாய் எந்தப் பக்கம் என்று கேட்டாலும் ரெங்கசாமி இரண்டாயிரத்துப் பதினாலில் இருந்துதான் ஆரம்பிப்பார். "பதினோரு பிள்ளைகளோடு தொடங்கினோம்" என்றார் முதல் ஆண்டு விழாவில். மூன்றாம் விழாவில் அது ஏழு. ஆறாம் விழாவில் மூன்று பிள்ளைகள், ஒழுகுகிற கூரை. பள்ளி வளர வளரத் தொடக்கம் சுருங்கிக்கொண்டே போனது.

அடுத்தது, இன்டர்நேஷனல். காரைக்காலிலிருந்து ஒரு பையன் அங்கே படித்தான். அவனுடைய பெரியப்பா பாரிஸில் இருக்கிறார். ஒரே வருடத்தில் அவன் டி.சி. வாங்கிக்கொண்டு போய்விட்டான், அவனுடைய படம் மட்டும் இன்னும் அலுவலகச் சுவரில் இருக்கிறது. இருமொழி? "குட் மார்னிங் சார்" ஒரு மொழி. "டேய், செருப்ப வரிசையா விடுடா" இன்னொரு மொழி. குறை சொல்லக் கூடாது, இரண்டிலும் பிள்ளைகள் சரளம்.

வரலாறு இருந்தால் போதுமா? மிஷன் வேண்டாமா? போன வருடம் தை மாதம் அவர் கனிமொழியைக் கூப்பிட்டு, இணையத்தில் எங்கிருந்தோ இறக்கிய ஓர் ஆங்கிலத் தாளைக் கொடுத்தார்.

"நம்ம மிஷன தமிழ்ல எழுதிக் குடும்மா. ஆண்டு விழா மேடையிலயே பர்மனென்ட் ஆர்டர உன் கையில குடுக்குறேன்."

அவள் 'எங்கள் குறிக்கோள்' என்று தொடங்கி அழகாக எழுதிக் கொடுத்தாள்.

"குறிக்கோளா? பஞ்சாயத்து போர்டு மாதிரி இருக்கேம்மா. மிஷன்னே இருக்கட்டும்."

"சார், நம்ம பக்கத்துல மிஷன்னா வேற அர்த்தம் ஆயிடும்."

"உலகம் பூரா ஒரே அர்த்தம்தாம்மா."

மெயின் ரோட்டில் பிளெக்ஸ் எழுந்தது. 'எங்கள் மிஷன்! எதிர்கால அறுவடை! ஆண்டு விழாவில் அறிவிப்பு! அனைவரும் வருக!' கீழே அவருடைய கைப்பேசி எண்.

சம்பா விளைந்து நின்ற நேரத்தில் மழை கொட்டி, கதிரெல்லாம் தண்ணீரில் சாய்ந்து கிடந்தது. அறுவடை இயந்திரம் எங்கே கிடைக்கும் என்பதைத் தவிர யாரும் எதுவும் பேசாத வாரம் அது. இங்கே அதைச் சிலர் மிஷின் என்பார்கள், பலர் மிஷன் என்பார்கள். ஈர வயலில் டயர் வண்டி புதையும். சக்கரத்துக்குப் பதில் பட்டை சுற்றும் செயின் வண்டிதான் இறங்கும்.

ரெங்கசாமியின் கைப்பேசி அடிக்க ஆரம்பித்தது.

"அய்யா, உங்ககிட்ட செயின் வண்டியா, டயர் வண்டியா?"

பள்ளி பஸ்ஸைக் கேட்கிறார்கள் என்று ரெங்கசாமி நினைத்தார். "எல்லாம் டயர் வண்டிதாங்க. புது வண்டி."

"ஈரத்துல எறங்குமா?"

"மழையோ வெயிலோ, டயத்துக்கு வந்துடுங்க."

"வயலு வரைக்கும் வருமா?"

"வயலுக்குள்ள வீடு இருந்தாலும் வருங்க!"

ஆண்டு விழாவுக்கு அப்படி ஒரு கூட்டம் வந்ததே இல்லை. ரெங்கசாமிக்குக் கண் கலங்கியது. வரலாற்றை நாற்பது நிமிடம் சொன்னார். இம்முறை தொடக்கத்தில் ஒரே ஒரு பிள்ளை. பிறகு குரலை உயர்த்தி, "இப்போது நமது மிஷன்..." என்றார்.

முன் வரிசையில் ஒரு பெண் எழுந்தார். பூவம்மாள், குத்தகைக்குப் பயிர் வைத்திருப்பவர்.

"தம்பி, கதை நல்லாத்தான் இருந்திச்சு. மிஷன் எப்ப வருது? மூணு மா வயலு சாஞ்சு கெடக்கு. மொளைக்க ஆரம்பிச்சுட்டு."

"அம்மா, மிஷன்ங்கறது உங்க பிள்ளைங்க மனசுல எறங்க வேண்டியது..."

"மனசுல எறக்கி என்ன பண்றது? வயல்ல எறக்கு!"

"வயலுக்குள்ளயே வரும்னியேய்யா போன்ல!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். நாற்காலிகள் நகர்ந்தன.

ரெங்கசாமி மேடையின் ஓரத்தைப் பார்த்தார். "யாரு இந்தத் தமிழ எழுதுனது?" கையில் எடுத்து வைத்திருந்த பர்மனென்ட் ஆர்டர் உறை திரும்பச் சட்டைப் பைக்குள் போனது.

கனிமொழி வந்து மைக்கை வாங்கினாள்.

"பிளெக்ஸ்ல வார்த்தை மாறிப்போச்சுங்க. பள்ளிக்கூடத்துல மிஷன் கெடையாது. ஆனா சார் இருபது வருசம் ஆலை நடத்துனவரு. மிஷன்காரங்க எல்லாரும் அவருக்குப் பழக்கம். செயின் வண்டி பேசித் தருவாரு. இல்லீங்களா சார்?"

கூட்டம் கை தட்டியது. இந்த இனம் கைதட்டலுக்கு மாட்டேன் என்று சொன்னதாகச் சரித்திரம் இல்லை.

"அதத்தானே நான் சொல்ல வந்தேன்!" என்றார் ரெங்கசாமி. உறை மறுபடி வெளியே வந்தது.

மூன்றாம் நாள் இரண்டு செயின் வண்டிகள் வந்தன. முதலில் இறங்கியது பூவம்மாளின் மூன்று மா வயலில். அது பள்ளிக்கூடத்து மிஷன் என்றுதான் ஊரில் இன்றைக்கும் பேச்சு. பள்ளியின் வரலாறும் புதுப்பிக்கப்பட்டுவிட்டது: உழவர்களுக்காகவே தொடங்கப்பட்ட பள்ளி. கனிமொழி நிரந்தரத் தமிழாசிரியை, மிஷன் ஒருங்கிணைப்பாளரும்கூட. தை பிறந்தால் அவளுடைய கைப்பேசிக்கு ஓய்வில்லை.

சிரிக்கிறீர்கள். சரி. அன்று வந்தவர்கள் நூற்றுப் பதினெட்டுப் பேர். நாற்காலிகளை நானே எண்ணினேன். ஆனால் எங்கள் தெருவில் சொன்னபோது, தங்கை மைக் பிடித்த கட்டம் வந்ததும், இருநூறு என்று வாயில் வந்துவிட்டது. உங்களிடம் சரியாகச் சொல்லிவிட்டேன். நாளைக்கு நீங்கள் இதை யாரிடமாவது சொல்லாமலா இருப்பீர்கள்? அப்போது முந்நூறு என்று வந்தால், பேச்சை நிறுத்திவிட்டுத் தலைக்கு மேலே ஒரு முறை பாருங்கள். அந்தச் சிமெண்ட் புறா உட்கார்ந்திருக்கும்.